ஒரு அறைக்குள் அடங்கும் இணைவு உலை: மகள் கேட்கிறாள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொளத்தூர் அப்பா | ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு ஐ.டி.ஐ. டர்னர். மகள் பிளஸ் டூ. கொஞ்ச நாளாக அவள் பேச்சு முழுக்க அணுக்கரு இணைவுதான். சூரியனில் நடப்பதைப் பூமியில் செய்து பார்ப்பது என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். அவள் சொல்வது அதில் ஒரு தனி வழி. பிரான்ஸில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் இட்டர் மாதிரி பிரம்மாண்டமாக இல்லாமல், ஒரு அறைக்குள் அடங்கும் கருவியில், காந்தச் சுருளே இல்லாமல் பிளாஸ்மாவை (மின்சாரம் கடத்தும் அளவுக்குச் சூடான வாயுவாம்) பிடித்து வைக்கிறார்களாம். உள்ளே ஓடும் மின்சாரமே பிளாஸ்மாவை நசுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இந்த ஆராய்ச்சி நடக்கிறது, இதைத்தான் படிக்கப் போகிறேன் என்கிறாள்.

எனக்கு இரண்டு கேள்வி. இது உண்மையான அறிவியலா, முதலீடு திரட்டுவதற்காகப் பேசும் பேச்சா? உண்மை என்றால், கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் இருப்பதை எதைக் கொண்டு பிடிக்கிறார்கள்? டிக் வெல்டிங்கில் ஒரு ஆர்க்கை ஒரே இடத்தில் நிறுத்தவே நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். புரியும்படி யாராவது சொன்னால் அவளோடு உட்கார்ந்து பேச முடியும். தெரியாமல் தடுக்கவும் மனசில்லை, தெரியாமல் தலையாட்டவும் மனசில்லை.

எண்ணூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9:32

சார், மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014 அக்டோபரில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் இதே மாதிரி அறிவித்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற அளவில் 100 மெகாவாட் இணைவு உலை, பத்து வருடத்தில் தயார் என்றார்கள். பத்து வருடம் தாண்டிவிட்டது, அப்படி ஒரு உலை வரவில்லை. அதற்கும் முன்னால் 1955-இல் ஜெனீவா அணுசக்தி மாநாட்டில் தலைமை வகித்த ஹோமி பாபாவே இருபது வருடத்துக்குள் வழி பிறக்கும் என்றார். அவரை விடப் பெரிய ஆள் யார்? எழுபது வருடம் ஆகிறது.

எனக்கு இணைவு மேல் வெறுப்பு கிடையாது. நான் வளர்ந்தது நிலக்கரிச் சாம்பலுக்கு நடுவில். காயப்போட்ட துணியில் சாம்பல், கொடியில் இருந்து எடுத்து உதறிவிட்டுத்தான் அம்மா மடிப்பார். ஆற்றில் நண்டு பிடித்தவர்கள் இப்போது வேறு வேலைக்குப் போகிறார்கள். நிலக்கரி இல்லாத மின்சாரம் எனக்கு ரொம்ப வேண்டும். அதனால்தான் வெறும் அறிவிப்பைக் கேட்டால் கோபம் வருகிறது. ஒரு பெண் தன் படிப்பையே இதன் மேல் வைக்கப் போகிறாள் என்றால் நன்றாக விசாரியுங்கள்.

இயற்பியல் டீச்சர் | ஞாயிறு, இரவு 10:20

கொளத்தூர் சார், இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்தால் முதல் கேள்விக்குப் பதில் தேடும் வழி தெரிந்துவிடும்.

உங்கள் மகளுக்கு இது பாடத்திலேயே இருக்கிறது. இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே திசையில் மின்சாரம் போனால் அவை ஒன்றையொன்று இழுக்கும். இப்போது ஒரு கம்பிக்குப் பதிலாக பிளாஸ்மாத் தூண் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மின்சாரம் ஆயிரம் இழைகளாக ஓடுகிறது. ஒவ்வொரு இழையும் மற்றதை இழுக்கும். தூண் மொத்தமாக உள்நோக்கிச் சுருங்கும். சுருங்கினால் அடர்த்தி கூடும், சூடு கூடும். இதற்கு இசட்-பிஞ்ச் என்று பெயர். மின்சாரம் ஓடும் நீள அச்சுக்கு இசட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை இயற்கை முதலில் செய்து காட்டியது. ஆஸ்திரேலியாவில் ஒரு மண்ணெண்ணெய் ஆலையின் புகைபோக்கியில் இருந்த இடிதாங்கி, உள்ளே கூடான செம்புக் குழாய். இடி விழுந்த பிறகு பார்த்தால் யாரோ கையால் நசுக்கியது போல் அந்தக் குழாய் ஒடுங்கிக் கிடந்தது. 1905-இல் போலக், பாரக்ளோ என்ற இரண்டு பேர் இதை ஆராய்ந்து, நசுக்கியது மின்சாரத்தின் சொந்தக் காந்தப்புலம்தான் என்று எழுதினார்கள். 1934-இல் பென்னட் என்பவர், எவ்வளவு மின்சாரம் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

உங்கள் மகளை ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். 5 லட்சம் ஆம்பியர் மின்சாரம் 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள தூணில் ஓடினால் அதன் விளிம்பில் காந்தப்புலம் எவ்வளவு? பாடப் புத்தகச் சூத்திரமே போதும். சுமார் 33 டெஸ்லா வரும். ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. மெஷினில் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. அந்த 33 டெஸ்லா கொடுக்கும் அழுத்தம் நாலாயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல். இவ்வளவும் ஒரு காந்தச் சுருள் கூட இல்லாமல்.

அப்புறம் ஏன் இத்தனை வருடம் ஆகிறது என்றால், அந்தத் தூண் நிற்காது. முறுக்குப் பிழியும்போது மாவு இளகலாக இருந்தால் என்ன ஆகும்? இழை ஓரிடத்தில் மெலியும், மெலிந்த இடம் இன்னும் மெலிந்து அறுந்து விழும். பிளாஸ்மாவிலும் அதே. மெலிந்த இடத்தில் காந்தப்புலம் கூடும், கூடினால் இன்னும் நசுங்கும். அதற்கு சாசேஜ் நிலையின்மை என்று பெயர். இன்னொன்று கிங்க். தண்ணீர் லாரிக்காரர் குழாயைப் பிடிக்காமல் விட்டுவிட்டு மோட்டார் போட்டால் குழாய் பாம்பு மாதிரி நெளிந்து அடிக்குமே, அப்படி. லேசாக வளைந்தால் போதும், வளைவின் உள்பக்கம் காந்தக் கோடுகள் நெருங்கி, அதை இன்னும் வெளியே தள்ளும். இதெல்லாம் நடக்க ஒரு மைக்ரோ நொடி கூட ஆகாது.

அதனால்தான் உலகம் டோக்காமாக் பக்கம் போனது. வளையமான அறை, சுற்றிலும் பெரிய காந்தங்கள். பலமான வெளிக் காந்தப்புலத்தைச் சேர்த்தால் தூண் நெளியாது. அந்தக் காந்தங்கள்தான் இயந்திரத்தைப் பெரிதாக்குகின்றன.

நெளிவைக் காந்தம் இல்லாமல் எப்படி நிறுத்துகிறார்கள் என்பதை அந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது. நம் குழுவில் குரோம்பேட்டைப் பெண் ஒருவர் பிளாஸ்மாவில் ஆராய்ச்சி செய்கிறார். கொஞ்சம் வாம்மா.

குரோம்பேட்டை பிளாஸ்மா | திங்கள், காலை 7:45

வணக்கம் டீச்சர், வணக்கம் கொளத்தூர் அங்கிள். வீடு குரோம்பேட்டை. இப்போது வெளியூரில் ஆராய்ச்சி மாணவி. என் வேலை டோக்காமாக் விளிம்புப் பிளாஸ்மா. இசட்-பிஞ்ச் என் துறை இல்லை, ஆனால் அந்தக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன்.

தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் தினமும் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் அதே வேகத்தில் வந்தால், எதிர் சன்னலில் இருக்கும் தோழியோடு கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே போகலாம். அதன் வேகம் கூடிவிட்டால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். உங்கள் சன்னலுக்கு எதிரே வேறு ஆள் வந்துவிடுவார்.

கிங்க் வளர வேண்டும் என்றால் பிளாஸ்மாவின் உள் அடுக்கும் வெளி அடுக்கும் சேர்ந்தே வளைய வேண்டும். உள்ளே ஒரு வேகம், வெளியே ஒரு வேகம் என்று அடுக்கடுக்காக ஓடவிட்டால்? ஒரு அடுக்கில் ஆரம்பித்த வளைவுக்குப் பக்கத்து அடுக்கு துணைக்கு நிற்காது. அது அதற்குள் நகர்ந்து போயிருக்கும். வளைவு கலைந்துவிடும். இதுதான் வேறுபட்ட வேக ஓட்டத்தால் நிலைப்படுத்துவது. 1995-இல் ஷும்லக், ஹார்ட்மன் இரண்டு பேரும் இதைக் கணக்காக எழுதினார்கள். அவர்கள் காட்டிய முக்கியமான விஷயம், பயங்கரமான வேகம் தேவையில்லை என்பது. பிளாஸ்மாவில் காந்த அலை போகும் வேகம் ஒன்று உண்டு, ஆல்வென் வேகம் என்பார்கள். அடுக்குகளுக்கு நடுவே அதில் ஒரு பகுதி அளவு வித்தியாசம் இருந்தாலே போதும்.

தேவையில்லை என்று சொன்னாலும் நம் கணக்கில் அது வேகம்தான். நொடிக்கு 100 கிலோமீட்டர் அளவு. சென்னையில் கிளம்பி ஒரு நொடிக்குள் காஞ்சிபுரம் தாண்டிவிடும்.

சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷும்லக் குழு இதைச் சோதனையாகச் செய்து பார்த்தது. ஒரு உலோகக் குழாய், அதன் நடுவே ஒரு தண்டு. இரண்டும் மின்முனைகள். இரண்டுக்கும் நடுவில் வாயுவை விட்டு மின்தேக்கிகளைத் திறந்தால் பிளாஸ்மா உருவாகி முன்னோக்கிப் பாய்கிறது. தண்டு முடிகிற இடத்தில் அது குவிந்து, அரை மீட்டர் நீளத்தில் சில மில்லிமீட்டர் தடிமனான இழையாக நிற்கிறது. ஓடிக்கொண்டே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். முன்னால் போனதற்குப் பதில் பின்னால் இருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். 2017-இல் இதிலிருந்து சாப் எனர்ஜி என்ற நிறுவனம் பிறந்தது. 2019-இல் 2 லட்சம் ஆம்பியரில், சுமார் 5 மைக்ரோ நொடி தொடர்ந்து இணைவு நியூட்ரான்கள் (அணுக்கரு இணையும்போது வெளியேறும் துகள்கள்) வந்ததை வெளியிட்டார்கள். அந்த நேரத்தை 5 மைக்ரோ நொடிதானே என்று பார்க்கக் கூடாது. நிலைப்படுத்தாத பிஞ்ச் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் தாங்கும்.

2024-இல் எலக்ட்ரான் வெப்பநிலை 1 முதல் 3 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்று அளந்து வெளியிட்டார்கள். அதாவது சுமார் 1.2 கோடி முதல் 3.5 கோடி டிகிரி. சூரியனின் நடுப்பகுதி 1.5 கோடி. ஆனால் டியூட்டிரியம்–டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கனமான இரண்டு வகை) எரிபொருளில் உலை ஓட 10 கோடிக்கும் மேல் வேண்டும். போட்ட மின்சாரத்தை விட அதிக ஆற்றல் இதில் இன்னும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணூர்க்காரன் | திங்கள், காலை 8:30

தங்கச்சி, ரயில் உதாரணம் நன்றாகப் புரிந்தது. ஆனால் நியூட்ரான் வந்தது என்பதை வைத்து மட்டும் நான் நம்ப மாட்டேன். இங்கிலாந்தில் ஹார்வெல்லில் ஜீட்டா என்று ஒரு பிஞ்ச் கருவி. 1958 ஜனவரியில் இணைவைச் சாதித்துவிட்டோம் என்று உலகத்துப் பத்திரிகைகளை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர்களும் நியூட்ரானைத்தான் காட்டினார்கள். நாலே மாதத்தில், அது சூட்டினால் வந்த நியூட்ரான் இல்லை என்று திரும்பப் பெற வேண்டி வந்தது. இப்போது மட்டும் எப்படி நம்புவது?

குரோம்பேட்டை பிளாஸ்மா | திங்கள், மதியம் 1:15

அண்ணா, இந்த விவாதத்திலேயே சரியான கேள்வி இதுதான். விரிவாக எழுதுகிறேன்.

பிளாஸ்மா கிழியும்போது அந்தக் கிழிசலில் பெரிய மின்புலம் உண்டாகும். அது கொஞ்சம் டியூட்டிரியம் அயனிகளை மட்டும் பிடித்து ஒரே திசையில் வீசும். அவை போய் மற்றவற்றில் மோதி இணையும், நியூட்ரானும் வரும். அது அசல் இணைவுதான், பொய் இல்லை. ஆனால் அதை வைத்து உலை கட்ட முடியாது. வீசப்பட்ட அயனிகள் பெரும்பாலும் சிதறி வீணாகிவிடும், வீசுவதற்குச் செலவான ஆற்றல் திரும்பாது. மொத்தப் பிளாஸ்மாவும் சூடாகி, எல்லாத் திசையிலும் மோதி வரும் இணைவு வேண்டும். ஜீட்டாவில் நடந்தது முதல் வகை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டியூட்டிரியம் இரண்டு இணைந்தால் வரும் நியூட்ரானுக்கு 2.45 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல். அயனிகள் ஒரே பக்கம் வீசப்பட்டிருந்தால் அந்தப் பக்கம் போகும் நியூட்ரானுக்கு ஆற்றல் கூடுதலாகவும், எதிர்ப்பக்கம் போவதற்குக் குறைவாகவும் இருக்கும். வரும் ரயிலின் ஹாரன் ஒரு சுருதியிலும் போகும் ரயிலின் ஹாரன் ஒரு சுருதியிலும் கேட்பது மாதிரி. ஆகவே கருவியைச் சுற்றி வெவ்வேறு கோணத்தில் அளவிகளை வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே ஆற்றல் என்றால் சூட்டினால் வந்த இணைவு. ஜீட்டாவைக் காட்டிக்கொடுத்ததும் இந்தச் சோதனைதான். சியாட்டில் குழு இதைச் செய்து வெளியிட்டிருக்கிறது, ஆற்றல் பெருமளவு எல்லாப் பக்கமும் சமமாக இருந்தது. ஜீட்டாவின் பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

அதற்காக எல்லா அறிவிப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 2025 நவம்பரில் மூன்றாவது மின்முனை வைத்த புதுக் கருவியில் 1.6 கிகாபாஸ்கல் அழுத்தம் என்று சொன்னார்கள். நேரடியாக அளந்தது எலக்ட்ரான்களின் அழுத்தம், அது 830 மெகாபாஸ்கல். அயனிகளும் கிட்டத்தட்ட அதே அளவு என்று வைத்து இரண்டால் பெருக்கினால் 1.6 வருகிறது. அது நியாயமான ஊகம்தான். ஆனால் அளந்தது எது, ஊகித்தது எது என்று ஒவ்வொரு செய்தியிலும் பிரித்துப் படிக்கப் பழக வேண்டும். கொளத்தூர் அங்கிள், உங்கள் மகளுக்கு இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் எந்தத் துறைக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வாள்.

எண்ணூர்க்காரன் | திங்கள், மதியம் 1:40

இதுதான் எனக்கு வேண்டிய பதில். நன்றி தங்கச்சி. லாக்ஹீட் விஷயத்தில் இந்த மாதிரி அளவு எதுவும் என் கண்ணில் படவில்லை. வித்தியாசம் புரிகிறது.

கொளத்தூர் அப்பா | திங்கள், இரவு 9:05

பட்டறையை மூடிவிட்டு வந்து எல்லாவற்றையும் மகளோடு உட்கார்ந்து படித்தேன். டீச்சர் சொன்ன கணக்கை அவள் போட்டாள், 33.3 வந்தது. ரொம்ப சந்தோஷம் அவளுக்கு.

எனக்கு ஒரு சந்தேகம். டிக் வெல்டிங்கில் 150 ஆம்பியருக்கே டங்ஸ்டன் ராடு முனை மழுங்கி, ஒரு நாளில் பலமுறை கிரைண்டரில் தீட்ட வேண்டியிருக்கிறது. இங்கே 5 லட்சம் ஆம்பியர் என்கிறீர்கள். அந்த நடுத் தண்டு என்ன ஆகும்? காந்தம் இல்லை, அதனால் இயந்திரம் சின்னது, சரி. ஆனால் பிளாஸ்மா மின்முனையைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது?

கல்பாக்கம் ஓய்வு | செவ்வாய், காலை 6:10

கொளத்தூர் தம்பி, பட்டறைக்காரர் கண்ணுக்குத்தான் இது பட்டிருக்கிறது. நான் கல்பாக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் திரவ சோடியம் லூப்பில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். பிளாஸ்மாக் கணக்கு எனக்குத் தெரியாது. உலோகம் தெரியும்.

அந்த மின்முனைதான் இந்த வழியின் பெரிய தலைவலி. டோக்காமாக்கில் பிளாஸ்மா வளையமாகச் சுற்றுவதால் அதற்கு முனை கிடையாது. இதற்கு இரண்டு முனை உண்டு. மின்சாரத்தை ஒரு தடவை பாய்ச்சினால் ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் முனையில் இருந்து கொஞ்சம் உலோகம் போகும். ஆய்வகத்தில் ஒரு நாளைக்குச் சில துடிப்பு என்றால் பரவாயில்லை. மின் நிலையம் என்றால் நொடிக்குப் பத்து துடிப்பு வரை வேண்டும் என்கிறார்கள். நொடிக்குப் பத்து என்றால் ஒரு நாளைக்கு 8,64,000. அதற்கு எந்த ராடு தாங்கும்?

அதற்காகத்தான் சுவரையே திரவ உலோகமாக வைக்கப் பார்க்கிறார்கள். 2024-இல் அதே சாப் எனர்ஜியின் செஞ்சுரி என்ற சோதனைக் கருவியில் உருகிய பிஸ்மத்தை உள்ளே ஓடவிட்டு, மூன்று மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளைத் தொடர்ச்சியாக அடித்தார்கள். அதில் இணைவு எரிபொருள் இல்லை, மின்சாரமும் 1 லட்சம் ஆம்பியர் அளவுதான். முனையும் சுவரும் தாங்குமா என்று பார்க்க மட்டும் கட்டியது. எனக்கு இதுதான் பிடித்தது. பிளாஸ்மா ஒரு பக்கம், இரும்பு வேலை ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் சோதிக்க முடிகிறது, கருவி சின்னது என்பதால். பெரிய இயந்திரத்தில் ஒரு பாகம் தவறினால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே கழற்றி மாற்றி அடுத்த மாதமே அடிக்கலாம்.

திரவ உலோகம் என்று வாயால் சொல்வது சுலபம். சோடியம் 98 டிகிரியில் உருகும். குழாய் முழுக்க ஹீட்டர் சுற்றி, முதலில் குழாயைச் சூடாக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவோம். ஓரிடத்தில் ஆறினால் அங்கே அடைத்துக்கொள்ளும். மேலே ஆர்கான் வாயு போர்வை மாதிரி இருக்கும், காற்றுப் பட்டால் தீ. கசிவைக் கண்டுபிடிக்கக் குழாய் மேல் கம்பி சுற்றியிருக்கும், சோடியம் பட்டால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். இரவு இரண்டு மணிக்கு அந்த மணி அடித்தால் ஒரு கணம் நெஞ்சு நின்றுவிடும். பிஸ்மத் சோடியம் மாதிரி தீப்பிடிக்காது, ஆனால் 271 டிகிரியில்தான் உருகும், கனமும் அதிகம்.

இன்னொன்று. டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைந்தால் வரும் 17.6 மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் 14.1 நியூட்ரானோடு போகிறது. அது எஃகுக்குள் புகுந்து அணுக்களை இடம் பெயர்க்கும், சாதாரண எஃகைக் கதிரியக்கமாக்கும். அதனால் மாலிப்டினம், நியோபியம் இல்லாமல், பதிலுக்கு டங்ஸ்டன், டான்டலம் சேர்த்து ஒரு தனி எஃகு செய்கிறார்கள். அந்த இந்திய எஃகை உருவாக்கியதில் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கு முக்கியப் பங்கு. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும் ஐதராபாத் மிதானி உலோக நிறுவனமும் கூட இருந்தன. இணைவு உலை பெரிதாக வந்தாலும் சின்னதாக வந்தாலும் இந்த எஃகு மாதிரி ஒன்று வேண்டும். இட்டரின் பெரிய வெப்பக்காப்புக் கலமான கிரையோஸ்டாட்டையும் நம் நாட்டில் ஹசிராவில்தான் செய்தார்கள், 3,850 டன். ஆக இது வெளிநாட்டுக்காரன் வேலை, நாம் வேடிக்கை பார்ப்பவர்கள் என்று அந்தப் பிள்ளை நினைக்க வேண்டாம்.

நாவலூர் நிரலர் | செவ்வாய், காலை 9:20

ஐயா, டிரிட்டியம் எங்கிருந்து கிடைக்கும்? கடலில் இருந்து எரிபொருள் எடுக்கலாம் என்கிறார்களே.

கல்பாக்கம் ஓய்வு | செவ்வாய், காலை 10:00

கடலில் கிடைப்பது டியூட்டிரியம். அது ஒரு கன மீட்டர் கடல்நீரில் சுமார் 33 கிராம் இருக்கிறது, பஞ்சமே இல்லை. டிரிட்டியம் அப்படி இல்லை. 12.3 வருடத்தில் பாதி அழிந்துவிடும், அதனால் இயற்கையில் சேர்ந்து கிடக்காது. நம் கல்பாக்கம் மாதிரி கனநீர் உலைகளில் கொஞ்சம் உண்டாகும். ஆனால் 1000 மெகாவாட் இணைவு வெப்பத்தை ஒரு வருடம் எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆகவே உலையைச் சுற்றி லித்தியம் வைத்து, வெளியே வரும் நியூட்ரானைக் கொண்டு அங்கேயே டிரிட்டியம் செய்துகொள்ள வேண்டும். அந்தச் சுழற்சியை எந்த உலையும் முழுதாகச் செய்து காட்டியதில்லை. சின்ன இயந்திரத்துக்கும் இதில் சலுகை கிடையாது.

மின்வாரியம் 31 | செவ்வாய், மதியம் 2:30

மின் பக்கத்தில் இருந்து ஒரு விஷயம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். கத்திரி வெயிலில் இரவு பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது சூரிய மின்சாரம் இருக்காது. காற்று சீசனும் அப்போது முழுதாகத் தொடங்கியிருக்காது. அந்த நேரத்துக்கு நிலையான உற்பத்தி வேண்டும், இன்று அது பெரும்பாலும் நிலக்கரி. சியாட்டில் குழு நினைத்திருப்பது 50 மெகாவாட் அளவுள்ள அலகுகள். அது எங்களுக்கு வசதியான அளவு. ஒன்று பழுதானால் 50 மட்டும் போகும். கூடங்குளத்தில் ஒரு அலகு நின்றால் ஒரே அடியாக 1000 போகிறது.

எண்ணூர்க்காரர் சொன்ன சாம்பலுக்கும் ஒரு கணக்கு. ஒரு கிராம் டியூட்டிரியம்–டிரிட்டியம் முழுதாக இணைந்தால் வரும் வெப்பம், நம் ஊர் நிலக்கரி சுமார் 20 டன் எரித்தால் வருவதற்குச் சமம். நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதையும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

எண்ணூர்க்காரன் | செவ்வாய், மதியம் 2:50

ஆறு ஏழு டன். ஒரு கிராமுக்கு.

கொளத்தூர் அப்பா | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் நன்றி. கல்பாக்கம் ஐயா எழுதியதை மகள் இரண்டு தடவை படித்தாள். இந்த மணி அடிக்கும் கம்பி விஷயம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கு என்ன படிக்கச் சொல்வது?

குரோம்பேட்டை பிளாஸ்மா | செவ்வாய், இரவு 10:15

அங்கிள், பி.எஸ்சி. இயற்பியல் நல்ல வழி. கணிதத்தை விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் எம்.எஸ்சி., அதன் பிறகு ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதினால் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முயற்சி செய்யலாம். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் டோக்காமாக் ஆதித்யா 1989-இல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. ஆனால் இயற்பியல் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். இந்தக் கருவிகளில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் மின்னியல், இயந்திரவியல், உலோகவியல். லட்சக்கணக்கான ஆம்பியரைச் சரியான மைக்ரோ நொடியில் திறந்துவிடும் சுவிட்ச் செய்வதே ஒருவரின் வாழ்நாள் வேலை.

நானும் உங்கள் மகள் வயதில் சினிமா மாதிரி நினைத்துக்கொண்டுதான் வந்தேன். முதல் வருடம் முழுக்க வெற்றிடக் குழாயில் கசிவு தேடினேன். அதுவும் பிடித்திருந்தால்தான் இந்தத் துறை ஒத்துவரும். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் இயற்பியல் பகுதியில் ஒரு முழு நாள் உட்காரச் சொல்லுங்கள். நான் தொடங்கியது அங்கேதான்.

இயற்பியல் டீச்சர் | செவ்வாய், இரவு 10:40

அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை. சமையலறையில் சுற்றி வைக்கும் அலுமினியத் தாளில் அரை சென்டிமீட்டர் அகலம், ஒரு முழ நீளத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில், விரல் தடிமன் இடைவெளிக்கும் குறைவாக, கொஞ்சம் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மேலே இரண்டையும் ஒரே கிளிப்பிலும், கீழே இரண்டையும் இன்னொரு கிளிப்பிலும் பிடியுங்கள். பெரிய டார்ச் செல் இரண்டை வரிசையாக இணைத்து, ஒரு நொடி மட்டும் தொட்டுவிட்டு எடுங்கள். இரண்டு பட்டையும் ஒன்றையொன்று நோக்கி நகரும். அதுதான் பிஞ்ச். பிறகு ஒன்றில் மேலிருந்து கீழும் மற்றதில் கீழிருந்து மேலும் போகும்படி மாற்றி இணைத்தால் விலகும்.

செல்லை ஒரு நொடிக்கு மேல் தொடக் கூடாது. பைக் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி பக்கமே போகக் கூடாது. தாள் எரிந்து கண்ணில் தெறிக்கும்.

கொளத்தூர் அப்பா | புதன், இரவு 8:55

செய்தோம் டீச்சர். பட்டறையில் இருந்து வெல்டிங் கண்ணாடி கொண்டுவந்து இரண்டு பேரும் போட்டுக்கொண்டோம். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை, பட்டை இறுக்கமாக இருந்துவிட்டது. தளர்த்திவிட்டு மறுபடி தொட்டதும் இரண்டும் டக்கென்று நடுவில் ஒட்டிக்கொண்டன. அவள் கத்தியதில் கீழ் வீட்டில் இருந்து ஆள் வந்துவிட்டார். அவருக்கும் ஒரு தடவை செய்து காட்டினோம்.

ஐந்தாறு தடவை செய்த பிறகு, எங்கே சூடாகிறது என்று அவள் விரலால் மெதுவாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். பட்டையின் நடுவில் லேசான வெதுவெதுப்பு. கிளிப் பிடித்த இடத்தில்தான் சுட்டது. தாளை எடுத்துப் பார்த்தால் அங்கே கருத்து, சின்ன ஓட்டை விழுந்திருந்தது. கல்பாக்கம் தாத்தா சொன்னது இதுதானே என்று கேட்டாள். கிளிப்பை மாற்றி, செம்புத் தகடு வைத்துப் பிடித்தால் குறையுமா என்று பார்க்க வேண்டுமாம். நாளைக்குப் பட்டறையில் இருந்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வருகிறேன்.

கல்பாக்கம் ஓய்வு | வியாழன், காலை 6:05

தகட்டை நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் தொட்டாள், எங்கே ஓட்டை விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஓட்டை விழுந்த தாளையும் தூக்கிப் போட வேண்டாம்.